மின் ஒயர் வழியே டிவிக்கு இணையம்: புதுச்சேரி, கடலூர் வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ரவுட்டர் வாசல் அறையில் இருக்கிறது, டிவி பின்கட்டில் இருக்கிறது, நடுவே முற்றமும் மூன்று சுவர்களும். படம் சூடுபிடிக்கும் நேரத்தில் திரையில் வட்டம் சுற்றத் தொடங்கிவிடுகிறது. இப்படிப்பட்ட வீடுகளுக்கு ஒரு வழியாகச் சொல்லப்படுவது பவர்லைன் அடாப்டர். அது யாருக்குப் பயன்படும், யாருக்குப் பணம் வீண் என்பதைக் கேள்வி-பதிலாகத் தருகிறோம்.

பவர்லைன் அடாப்டர் என்றால் என்ன?

இரண்டு சிறிய பெட்டிகள். ஒன்றை ரவுட்டர் பக்கத்திலுள்ள பிளக் பாயிண்டில் செருகி, லேன் கேபிளால் ரவுட்டரோடு இணைக்க வேண்டும். மற்றொன்றை டிவி பக்கத்தில் செருகி, அதேபோல டிவியோடு இணைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே புதிதாக எதையும் இழுக்க வேண்டியதில்லை. சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் மின் ஒயரே தகவலையும் சுமந்து செல்லும்.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அடாப்டர் அதே ஒயரில் 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட, மிக வலுக்குறைந்த ஓர் அலையை ஏற்றுகிறது. பழைய தலைமுறைப் பெட்டிகள் ஏறக்குறைய 30 மெகாஹெர்ட்ஸ் வரையும், புதியவை 86 மெகாஹெர்ட்ஸ் வரையும் பயன்படுத்துகின்றன. இரண்டு அலைகளின் அதிர்வெண்ணும் பல்லாயிரம் மடங்கு வேறுபடுவதால் மறுமுனையில் அவற்றைப் பிரித்தெடுப்பது கடினமில்லை. தகவல் ஒரே அலையில் போகாமல் நூற்றுக்கணக்கான துணை அலைகளாகப் பிரிந்து போகிறது. இரைச்சல் மிகுந்த துணை அலைகளைப் பெட்டி தானாகவே கைவிட்டுவிடும்.

மின் கம்பியில் செய்தி அனுப்புவது புது வித்தையும் அல்ல. நெய்வேலிப் பக்கம் போகும்போது துணை மின்நிலையங்களில் உயர் அழுத்தக் கம்பியோடு பீப்பாய் போல ஒன்று பொருத்தப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அலைப்பொறி என்று பெயர். துணை மின்நிலையங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளக் கம்பியில் ஏற்றும் அலை வேறு பக்கம் போய்விடாமல் தடுப்பது அதன் வேலை. வீட்டு அடாப்டரின் அடிப்படையும் அதுதான், அளவுதான் வேறு.

அப்படியென்றால் மின்துறையே இணையம் தருமா?

தராது. உங்கள் பிராட்பேண்ட் இணைப்பு வழக்கம்போல ரவுட்டர் வரை வர வேண்டும். அங்கிருந்து டிவி வரைக்கும்தான் மின் ஒயரின் வேலை. தெருக் கம்பி வழியாகவே இணையம் தரும் முயற்சியும் உலகில் நடந்தது. அமெரிக்காவின் மனாசஸ் நகரம் அப்படி ஒரு சேவையை நடத்திவிட்டு 2010-இல் மூடிவிட்டது. வீட்டுக்குள் மட்டும் ஓடும் வகைதான் பிழைத்தது. ஹோம்பிளக் என்ற பொதுத் தரம் 2001-இல் 14 எம்பிபிஎஸ் என்ற அளவில் தொடங்கி, 2005-இல் 200-ஐத் தொட்டது. மின்பொறியாளர்களின் உலக அமைப்பான ஐ.இ.இ.இ. வகுத்த 1901 என்ற தரம் 2010-இல் வந்தது.

எங்கள் வீட்டில் மட்டும் வை-ஃபை ஏன் இவ்வளவு மோசம்?

உங்கள் வீட்டில் மட்டும் இல்லை. வைசியாள் வீதிப் பக்கத்துத் தமிழர் பகுதி வீடுகளும், கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுப் பகுதி வீடுகளும், கடலூர் முதுநகரின் பழைய வீடுகளும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு தடிமனாகக் கட்டிய சுவர்கள் உடையவை. இரண்டு சுவர் தாண்டுவதற்குள் 5 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபை ஓய்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும், ஆனால் அந்த அலைவரிசையில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் முண்டியடிக்கின்றன. லாஸ்பேட்டை, செம்மண்டலம் போன்ற இடங்களில் உள்ள புதுக் கட்டடங்களில் செங்கல் சுவர் அவ்வளவு தொல்லை தருவதில்லை. அங்கே கான்கிரீட் தளம்தான் எதிரி. கீழே இருக்கும் ரவுட்டரின் அலை மாடிக்கு ஏறுவதற்குள் இளைத்துவிடும்.

இதில் இன்னொன்றும் சேர்கிறது. ஃபைபர் இணைப்பு கொடுக்க வருபவர் கேபிள் நுழைய எது வசதியோ அந்த மூலையில் ரவுட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். அவர் வரும்போதே நடு அறைக்கு இழுக்கச் சொல்லிக் கேட்டால் பல வீடுகளில் இந்தப் பக்கத்தைப் படிக்கும் தேவையே வராது.

அடாப்டர் வாங்குவதைவிட லேன் கேபிள் இழுப்பது நல்லதா?

நல்லது. சந்தேகமே வேண்டாம். கேட்-6 கேபிள் 100 மீட்டர் வரை கிகாபிட் வேகத்தைக் குறையில்லாமல் கொண்டுபோகும். மிக்ஸி ஓடினாலும் அதற்குக் கவலையில்லை. கேபிள் டிவி ஒயர் போன வழியிலேயே, வெளிச்சுவர் ஓரமாகவோ மொட்டை மாடி வழியாகவோ ஓட்ட முடிந்தால் அதையே செய்யுங்கள். வெளியே ஓடும் கேபிளை மட்டும் வெயில் தாங்கும் உறையுள்ளதாக வாங்க வேண்டும்.

சுவரில் துளை போட வீட்டு உரிமையாளர் சம்மதிக்காத வாடகை வீடு, தளமும் தூண்களும் கெட்டுவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் காக்கும் பழைய வீடு, இரண்டு வருடத்தில் காலி செய்யப்போகும் வீடு. இங்கெல்லாம்தான் பவர்லைனுக்கு இடம் இருக்கிறது. இரண்டு மூன்று பெட்டிகள் கொண்ட மெஷ் வை-ஃபையும் ஒரு வழி. ஆனால் சுவர் தடிமனாக இருந்தால் அந்தப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கே திணறும். முற்றத்தைப் பார்த்தபடி எதிரெதிராக வைக்க இடம் கிடைத்தால் மெஷ் அருமையாக வேலை செய்யும்.

அட்டைப் பெட்டியில் 1000 என்று போட்டிருக்கிறது. 1000 எம்பிபிஎஸ் வருமா?

வராது. அது இரு திசையும் பகிர்ந்துகொள்ளும் வேகத்தை, ஆய்வுக்கூடத்தின் சுத்தமான ஒயரில் கணக்கிட்ட எண். நடைமுறையில் அதில் நான்கில் ஒரு பங்கு கிடைத்தாலே நல்ல ஒயரிங் என்று சொல்லலாம். பழைய வீட்டில் பத்தில் ஒரு பங்குகூட வராமல் போகலாம். இன்னொரு தந்திரமும் உண்டு. 600 என்று அச்சிட்ட பல அடாப்டர்களில் லேன் துளை 100 எம்பிபிஎஸ் அளவுக்குத்தான் இருக்கிறது. ஒயர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதற்கு மேல் போகாது. வாங்கும்போது பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள். லேன் துளை கிகாபிட்டா என்று பாருங்கள்.

டிவிக்கு எவ்வளவு வேகம் போதும்?

பயப்படும் அளவுக்கு இல்லை. முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் என்பது நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கு. பல ஸ்மார்ட் டிவிகளின் லேன் துளையே 100 எம்பிபிஎஸ்தான். பவர்லைனில் விடாமல் 40 எம்பிபிஎஸ் வந்தால் வீட்டில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். 200-க்கு ஏறி 2-க்கு இறங்கும் வை-ஃபையைவிட அது எவ்வளவோ மேல்.

எங்கள் வீட்டுக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு. பவர்லைன் வேலை செய்யுமா?

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், கடைக்காரர் சொல்லாததும் இதுதான்.

மூன்று ஃபேஸ் வீட்டில் எலக்ட்ரீஷியன் சுமையைப் பிரித்திருப்பார். கீழ்த்தளம் ஒரு ஃபேஸில், மாடி இன்னொன்றில், ஏசியும் மோட்டாரும் மூன்றாவதில் என்று இருக்கும். ரவுட்டர் ஒரு ஃபேஸிலும் டிவி வேறு ஃபேஸிலும் அமைந்தால், அடாப்டரின் அலைக்கு நேரடிப் பாதை கிடையாது. மூன்று ஃபேஸ் ஒயர்களும் ஒரே குழாயில் நெருங்கி ஓடுவதாலும், நியூட்ரல் பொதுவாக இருப்பதாலும் அலை ஓரளவு கசிந்து தாண்டும். சில வீடுகளில் அந்தக் கசிவே படம் பார்க்கப் போதுமானது. சில வீடுகளில் அடாப்டரின் விளக்கு எரியும், படம் வராது.

எந்தப் பாயிண்ட் எந்த ஃபேஸ் என்று கண்டுபிடிக்க டெஸ்டர் உதவாது. மீட்டர் பெட்டியில் ஒவ்வொரு ஃபேஸின் சுவிட்சையும் ஒவ்வொன்றாக இறக்கி, எந்த அறையில் கரண்ட் போகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ரவுட்டர் உள்ள ஃபேஸிலேயே டிவி அறையில் ஒரு பாயிண்ட் இருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் ரவுட்டர் பக்கத்து அடாப்டரை டிவியின் ஃபேஸில் உள்ள பாயிண்டுக்கு மாற்றிவிட்டு, அங்கிருந்து ரவுட்டர் வரை நீளமான லேன் கேபிள் போடலாம்.

நம் ஊரில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு ஃபேஸில் கரண்ட் போனதும் வீட்டில் யாராவது சேஞ்ச் ஓவர் சுவிட்சைத் திருகி, அந்தப் பகுதியை வேறு ஃபேஸுக்கு மாற்றிவிடுவார்கள். அன்று இரண்டு அடாப்டரும் தற்செயலாக ஒரே ஃபேஸில் விழுந்தால் படம் பளிச்சென்று ஓடும். மறுநாள் சுவிட்சைப் பழைய நிலைக்குத் திருப்பினால் மறுபடி வட்டம் சுற்றும். ‘கரண்ட் போன அன்றைக்கு மட்டும் நெட் நன்றாக வந்தது’ என்று யாராவது சொன்னால் சிரிக்க வேண்டாம், ஃபேஸைப் பாருங்கள்.

ரவுட்டர் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறது. டிவி நேரடி கரண்டில் இருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. இந்த அமைப்பில் அடாப்டரின் அலை இன்வெர்ட்டர் பெட்டிக்குள் நுழைந்து வெளியேற வேண்டும். உள்ளே இருக்கும் ரிலேயும் வடிகட்டிகளும் அலையைப் பெருமளவு தின்றுவிடும். கரண்ட் இருக்கும்போது எப்படியோ ஓடும். கரண்ட் போனால் டிவி பக்கத்து அடாப்டருக்கு உயிரே இருக்காது.

இரண்டு அடாப்டரையும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுவருவதுதான் தீர்வு. டிவி அறையிலும் இன்வெர்ட்டர் பாயிண்ட் இருந்தால் இரண்டையும் அதில் போடலாம். ஆனால் கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது அதன் இரைச்சல் ஒயரில் கலக்கும். சைன்வேவ் வகையில் தொல்லை குறைவு, பழைய ஸ்கொயர்வேவ் வகையில் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகலாம். இன்னொரு வழி, இரண்டு அடாப்டரையும் நேரடி கரண்டில் போட்டுவிட்டு, ரவுட்டரை மட்டும் இன்வெர்ட்டரிலோ, அதற்கென்றே கடைகளில் விற்கும் 12 வோல்ட் சிறு யுபிஎஸ்ஸிலோ வைப்பது. கரண்ட் போனால் டிவி இணைப்பு போகும், கைப்பேசி வை-ஃபை நிற்காது. பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டாவது வழியைத்தான் பரிந்துரைப்பேன்.

மாடிப் போர்ஷனுக்குத் தனி மீட்டர். கீழிருந்து மேலே போகுமா?

நம்பி வாங்க வேண்டாம். இரண்டு மீட்டரும் அருகருகே இருந்து, ஒரே ஃபேஸில் இருந்தால் சில வீடுகளில் மெலிதாகப் போகும். மாடிக்குப் படிக்கட்டு ஓரமாக ஒரு லேன் கேபிள் விடுவதே சரி.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகலாமா? ஸ்டெபிலைசரில்?

சுவர்ப் பாயிண்டில் மட்டும் செருகுங்கள். மின் எழுச்சித் தடுப்பு உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அலையை இரைச்சல் என்று நினைத்து வடிகட்டிவிடும். டிவி ஸ்டெபிலைசரின் சுருளும் அப்படியே. கணினி யுபிஎஸ்ஸில் போட்டால் சுத்தமாக வேலை செய்யாது. ஒரே ஒரு பாயிண்ட்தான் இருக்கிறது என்றால், முன்பக்கத்தில் பிளக் துளை உள்ள அடாப்டராக வாங்கி, அதை முதலில் சுவரில் செருகி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அதன்மேல் மாட்டுங்கள். அந்தத் துளையிலேயே ஒரு வடிகட்டி இருப்பதால் டிவியின் மின்சுற்றிலிருந்து வரும் இரைச்சலும் குறையும்.

அம்மா மிக்ஸி போட்டதும் படம் நின்றுவிடுகிறது. ஏன்?

மிக்ஸி மோட்டாரில் கார்பன் பிரஷ் சுழலும் பாகத்தை உரசிக்கொண்டே ஓடுகிறது, உரசும் இடத்தில் தீப்பொறி தெறிக்கிறது. அந்தப் பொறி எல்லா அலைவரிசையிலும் இரைச்சலைக் கொட்டும். தவில் முழங்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் ரகசியம் பேசும் நிலைதான் அடாப்டருக்கு. துளை போடும் டிரில் இயந்திரமும் இதே இனம். கிரைண்டர் மோட்டாரில் பிரஷ் இல்லாததால், மாவாட்டும் ஒரு மணி நேரமும் படம் நிம்மதியாக ஓடும்.

மிக்ஸி இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும். நாள் முழுக்க உயிரை வாங்குபவை வேறு: மலிவான கைப்பேசி சார்ஜர், விலை குறைந்த எல்இடி பல்பு, திருகும் வகை மின்விசிறி ரெகுலேட்டர். நன்றாக ஓடிக்கொண்டிருந்த இணைப்பு திடீரென்று மந்தமானால், சமீபத்தில் வீட்டுக்கு வந்த மின்பொருள் எது என்று முதலில் யோசியுங்கள். ஒவ்வொன்றாகப் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் குற்றவாளி சிக்கிவிடும். அடாப்டர் செருகிய போர்டிலேயே சார்ஜரையும் மாட்டுவது வேண்டாத வேலை.

கடலுக்குப் பக்கத்து வீடு. உப்புக் காற்றால் பாதிப்பு வருமா?

வரும். தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம் போன்ற இடங்களில் சில ஆண்டுகள் திறக்காத ஸ்விட்ச் போர்டைக் கழற்றினால், பித்தளைத் திருகின் தலையில் பச்சைப் பூச்சு படர்ந்திருக்கும். ஒயர் நுனி கறுத்து, விரலால் ஆட்டினால் திருகுக்குள் லொடலொடவென்று அசையும். விளக்கு எரிவதற்கு அந்தத் தொடுகை போதும், அடாப்டரின் அலைக்குப் போதாது. அலையை விடுங்கள், ஏசியோ அயன்பாக்ஸோ அந்தப் போர்டில் ஓடினால் தொடுகை சூடேறித் தீப்பற்றும் அபாயமும் உண்டு. எலக்ட்ரீஷியனைக் கொண்டு மெயினை இறக்கிவிட்டு, நுனியை வெட்டிப் புதிதாகச் சீவி, திருகை இறுக்கச் சொல்லுங்கள், சாக்கெட்டையும் மாற்றுங்கள். மரச்சட்டத்தின்மேல் கிளிப் அடித்து ஓட்டிய மிகப் பழைய ஒயரிங்காக இருந்தால் அடாப்டருக்குச் செலவழிக்கும் பணத்தை அப்படியே புது ஒயரிங்குக்கு ஒதுக்குவது புத்திசாலித்தனம்.

எர்த் இல்லாத பாயிண்டில் வேலை செய்யுமா? பிளக் பொருந்துமா?

வேலை செய்யும். ஆனால் ஹோம்பிளக் ஏவி2 தரத்தில் வரும் வேகமான அடாப்டர்கள் ஃபேஸ், நியூட்ரலோடு எர்த் ஒயரையும் இரண்டாவது பாதையாகப் பயன்படுத்துகின்றன. எர்த் இல்லாத வீட்டில் அதற்குக் கொடுக்கும் கூடுதல் விலை வீண். எர்த் இல்லாத வீடு என்பதே சரிசெய்ய வேண்டிய விஷயம், அது வேறு கதை.

பிளக் வடிவத்தைப் பார்த்து வாங்குங்கள். ஐரோப்பிய உருண்டை முனைப் பிளக்கோடும் பிரிட்டிஷ் சதுர முனைப் பிளக்கோடும் அடாப்டர்கள் விற்பனைக்கு வருகின்றன. மாற்றுப் பிளக் போட்டுச் செருகினால் பெட்டியின் எடைக்குத் தொங்கித் தளரும், தளர்ந்த தொடுகையில் வேகமும் தளரும்.

வாங்குவதற்கு முன் எப்படிச் சோதிப்பது?

திருப்பி எடுத்துக்கொள்ளும் கடையில் வாங்குங்கள், அல்லது தெரிந்தவரிடம் ஒரு ஜோடியை இரண்டு நாளைக்குக் கேட்டு வாங்குங்கள். முதலில் இரண்டையும் ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துப் பாயிண்டில் செருகி, ஒன்றின் ‘பேர்’ (Pair, அதாவது ஜோடி சேர்க்கும்) பட்டனை அழுத்துங்கள், இரண்டு நிமிடத்துக்குள் மற்றதை அழுத்துங்கள். இணைந்த பிறகு லேப்டாப்பில் லேன் கேபிள் போட்டு வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஒன்றை டிவி அறைக்கு எடுத்துச் சென்று அங்கே குறியுங்கள். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் வீட்டு ஒயரிங்கின் மதிப்பெண். அறையில் வேறு பாயிண்ட் இருந்தால் அதிலும் செருகிப் பாருங்கள். ஒரே சுவரில் இரண்டு பாயிண்டுக்கு இடையே வேகம் இரு மடங்கு வேறுபடுவதுண்டு.

காலை பதினோரு மணிக்குச் சோதிப்பதில் பயனில்லை. எல்லா விளக்கும் மின்விசிறியும் ஏசியும் ஓடும் இரவு எட்டு மணிக்குச் சோதியுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் என் இணையத்தை எடுத்துக்கொள்ள முடியுமா?

அலை மீட்டரோடு நின்றுவிடும் என்பதற்கு உறுதியில்லை, அடுக்குமாடியில் பக்கத்து ஃபிளாட் வரை கசியலாம். அடாப்டர்கள் 128 பிட் ஏஇஎஸ் குறியாக்கம் செய்கின்றன. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்தபடியே செருகினால் பல அடாப்டர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரே கடவுச்சொல்லில் இருக்கும். பேர் பட்டனை அழுத்தியதும் உங்களுக்கென்று தனிச் சாவி உருவாகிவிடும். தானாக இணைந்துவிட்டது என்று விட்டுவிடாமல் அதை அழுத்திவிடுங்கள்.

லேன் கேபிளில் ஷாக் அடிக்குமா?

அடிக்காது. லேன் துளைக்குள் 1500 வோல்ட் தாங்கும் தடுப்பு இருக்க வேண்டும் என்பது தரவிதி. பெயரில்லாத மலிவுப் பெட்டிகளுக்கு இந்த உறுதியைத் தர முடியாது.

இடி, புயல் நேரத்தில் என்ன செய்வது?

பிடுங்கி வைத்துவிடுங்கள். மின் எழுச்சித் தடுப்பு இல்லாமல் நேராகச் சுவரில் செருகுவதால், மின்னல் வந்தால் முதல் அடி அடாப்டருக்கு, அடுத்த அடி லேன் கேபிள் வழியாக ரவுட்டருக்கும் டிவிக்கும். லேன் கேபிளையும் கழற்ற வேண்டும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயலும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலும் நம் கரையைத் தாக்கியதை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. புயலுக்குப் பின் கரண்ட் திரும்பும் நேரம் இன்னும் ஆபத்தானது. மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் அறுந்திருந்தால் சில பாயிண்டுகளில் 230-க்குப் பதில் 400 வோல்ட்டை நெருங்கும் மின்னழுத்தம் வரலாம். மின்விளக்கு வழக்கமான வெளிச்சத்தில் சற்று நேரம் எரிவதைப் பார்த்த பிறகே மற்றதைச் செருகுங்கள்.

டிவி ஸ்டிக்கில் லேன் துளையே இல்லையே?

இரண்டு வழி. ஸ்டிக்குக்கென்று விற்கும் லேன் இணைப்பானை வாங்கலாம். அல்லது வை-ஃபையும் தரும் அடாப்டரை டிவி அறையில் போடலாம், அந்த அறைக் கைப்பேசிகளுக்கும் சேர்த்து உதவும்.

வீடியோ கேம் விளையாடலாமா?

லேன் கேபிளுக்கு அடுத்தபடி இதுதான். தாமதம் சில மில்லிநொடிகள் மட்டுமே. நடுநடுவே மிக்ஸி ஓடும் நேரத்தில் மட்டும் ஆட்டத்தைத் தொடங்காதீர்கள்.

மின்கட்டணம் ஏறுமா?

ஓர் அடாப்டர் 5 வாட் எடுப்பதாக வைத்துக்கொண்டால், இரண்டும் மாதம் முழுக்க ஓடினால் 7 யூனிட் சொச்சம். பெட்டி கை பொறுக்கும் அளவுக்குச் சூடாக இருப்பது இயல்பு. டிவி அலமாரியின் மூடிய தட்டுக்குள் திணிக்காதீர்கள்.

தாத்தாவின் ரேடியோ இரைகிறது. இதுதான் காரணமா?

சிற்றலை ரேடியோவாக இருந்தால் இதுவே காரணமாக இருக்கலாம். அடாப்டர் பயன்படுத்தும் அலைவரிசையும் சிற்றலையும் ஒன்றின்மேல் ஒன்று வருகின்றன. அமெச்சூர் ரேடியோ அலைவரிசைகளை மட்டும் அடாப்டர்கள் விட்டுவைக்கும். எஃப்எம்முக்குப் பாதிப்பில்லை.

ஒன்று கெட்டுவிட்டது. வேறு நிறுவனத்தின் பெட்டியை வாங்கிச் சேர்க்கலாமா?

இரண்டும் ஹோம்பிளக் ஏவி குடும்பமாக இருந்தால் சேரும். புதியது பழையதின் வேகத்துக்கு இறங்கிப் பேசும். ஜி.எச்.என். என்று அச்சிட்ட பெட்டி வேறு குடும்பம். அது ஹோம்பிளக்கோடு பேசாததோடு, ஒரே வீட்டு ஒயரில் இரண்டையும் போட்டால் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். எனவே கெட்ட பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அதன் முதுகில் ஒட்டியிருக்கும் தாளில் எந்தத் தரம் என்று இருக்கும்.